வன்னிப் புழுதியில் குளிர்காற்று: கார் எஞ்சினுக்கு வீட்டிலேயே இன்டேக் குழாய் செய்யும் முறை

கார் எஞ்சினுக்குக் குளிர்ந்த காற்று கொடுப்பது பற்றித் தேடினால் முதலில் கண்ணில் படுவது பளபளக்கும் அலுமினியக் குழாயும் அதன் நுனியில் பூட்டிய சிவப்புக் கூம்புப் பில்டரும்தான். கம்பெனிப் பில்டர் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு இதைப் பூட்டினால் பவர் கூடும் என்பார்கள். தார் ரோட்டை விட்டு இறங்காத காருக்கு அது எப்படியோ போகட்டும். மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டுத் திரும்பி, பிறகு உள்ளூர்க் கிரவல் ரோட்டில் டிப்பருக்குப் பின்னால் செம்புழுதி குடித்துக்கொண்டு போகிற காருக்கு அது சரிவராது.

ஆகவே இங்கே சொல்லப்போவது வேறு முறை. பில்டர் பெட்டி அப்படியே இருக்கும். உள்ளே இருக்கும் கடதாசிப் பில்டரும் அப்படியே இருக்கும். பில்டருக்கு முன்னால், அதாவது வெளிக்காற்று பெட்டிக்குள் வருகிற பாதையில் மட்டும் நாம் கைவைக்கிறோம். அந்தப் பக்கத்தில் ஒரு மூட்டு சற்று இளகினாலும் கெட்டுப்போவது ஒன்றுமில்லை, கொஞ்சம் சூடான காற்று கலக்கும், அவ்வளவுதான். பில்டருக்குப் பின்னால் ஒரு நூலளவு இடைவெளி விழுந்தால் புழுதி நேரே சிலிண்டருக்குள் போகும். கிரவல் புழுதியில் குவார்ட்ஸ் மணல் இருக்கிறது. அது சிலிண்டர் இரும்பைவிடக் கடினமானது. பிஸ்டன் ரிங் தேய்ந்து, எண்ணெய் எரிந்து, சைலன்சரில் நீலப்புகை வந்த பிறகு எந்தக் குளிர்காற்றாலும் பயனில்லை.

என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

காற்று சூடாகச் சூடாக ஐதாகும். வெளியே 35 பாகை, பொனட்டுக்குள் 60 பாகை என்று வைத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 7.5 சதவீதம் ஐதானது. எஞ்சின் ஒவ்வொரு இழுப்பிலும் அந்தளவு குறைந்த ஒட்சிசனைத்தான் எடுக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. காற்று சூடாக இருந்தால் எஞ்சின் தட்டும், அதாவது சிலிண்டருக்குள் பெற்றோல் கலவை தானாகவே வெடித்து டக் டக் என்று சத்தம் வரும். அதைத் தவிர்க்க எஞ்சினின் கணினி இக்னிசனை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, பின்தள்ளும். 92 ஒக்டேன் பெற்றோலில் ஓடும் கார் வெயிலில் மந்தமாக இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குளிர்காற்று கொடுத்தால் இந்த இழப்பில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். ஓடுகிற காரில் பொனட்டுக்குள் எப்படியும் காற்று புகுவதால் வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இராது. மத்தியான வெயிலில் நின்று நின்று போகும்போதும், ஏசி போட்டுக்கொண்டு முந்தப் பார்க்கும்போதும்தான் அது காலுக்குத் தெரியும்.

பெற்றோல் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அடர்த்தியான காற்று வந்தால் கணினி அதற்கேற்ற பெற்றோலையும் சேர்த்தே விடுகிறது. அரை மிதியில் ஓடும்போது, எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ரொட்டில் தகடு இன்னும் கொஞ்சம் மூடிக்கொள்ளும், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் இங்கே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் ஆவியாகச் சூடு வேண்டும். அன்றைய எஞ்சினுக்கு இந்த வேலையைச் செய்திருந்தால் அது ஓடாமல் நின்றிருக்கும்.

முதலில் இருப்பதைப் பாருங்கள்

பொனட்டைத் திறந்து, பில்டர் பெட்டியிலிருந்து வெளிப்புறமாகப் போகும் குழாயை விரலால் தொடர்ந்து போங்கள். பெரும்பாலான ஜப்பான் கார்களில் அது ரேடியேற்றருக்கு மேலேயோ, ஹெட்லைட்டுக்குப் பின்னாலேயோ, மட்கார்ட்டின் உள்ளேயோ போய் முடியும். அதாவது கம்பெனிக்காரரே குளிர்காற்று இன்டேக் வைத்துத்தான் காரை அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் கை மாறி மாறி வந்த காரில் அந்தக் குழாய் அநேகமாக இருக்காது. முன்பக்கம் அடிபட்டுத் திருத்தியபோது கழற்றியதைத் திரும்பப் போட்டிருக்க மாட்டார்கள், அல்லது வாய் உடைந்து எஞ்சின் பக்கம் திரும்பிக் கிடக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பல ஆண்டுகள் பழைய கார்களையே ஒட்டுப்போட்டு ஓட்டினோம். இந்தக் குறை அவற்றில் சாதாரணம்.

உங்கள் காரிலும் அப்படியென்றால், கொழும்பு பஞ்சிகாவத்தையிலோ வவுனியாவிலோ பழைய பாட்ஸ் கடையில் அந்தத் துண்டை மட்டும் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் இரண்டு போல்ட்டோடு வேலை முடிந்தது. மீதியை வாசிக்க வேண்டியதில்லை.

கார்பரேட்டர் வைத்த பழைய கார் என்றால் இன்னோர் இடத்தையும் பாருங்கள். சிலவற்றின் எயார் கிளீனர் மூக்கில் ஒரு சிறு கதவு இருக்கும். குளிர்நாட்டுக்காக எக்சோஸ்ட் மனிபோல்ட் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாய்த்தொகுதி) பக்கத்திலிருந்து சூடான காற்றை எடுக்க வைத்தது அது. அந்தக் கதவு துருப்பிடித்துச் சூட்டுப் பக்கம் திறந்தபடி இறுகிக் கிடந்தால், கிளிநொச்சி வெயிலிலும் கார் நெருப்புக் காற்றைத்தான் உறிஞ்சிக்கொண்டிருக்கும். கதவைக் குளிர்ப் பக்கம் தள்ளி நிறுத்தி, மனிபோல்ட்டிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, அந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள்.

அடுத்து வெப்பநிலையை அளக்க வேண்டும். ஓபிடி சொக்கெட் (காரின் கணினியில் உள்ளதை வாசிக்கும் சொக்கெட்) உள்ள கார் என்றால் மலிவான புளூடூத் ஸ்கேனர் ஒன்றும் போனும் போதும், உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை திரையில் தெரியும். இல்லாவிட்டால் கம்பி நுனியுள்ள டிஜிட்டல் தேர்மோமீற்றரைப் பெட்டியின் வாயருகே கட்டுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு பத்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிட்டு ஒருமுறை, நேர் ரோட்டில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஐந்து நிமிடம் போய் ஒருமுறை பாருங்கள். இரண்டாவது அளவு நிழல் வெப்பநிலையைவிட நாலைந்து பாகைதான் கூட என்றால் உங்கள் காருக்கு இந்த வேலை தேவையில்லை. பதினைந்து இருபது பாகை கூட என்றால் தொடங்கலாம். எண்களைக் குறித்து வையுங்கள், கடைசியில் வேண்டும்.

வாயை எங்கே வைப்பது

நிதானமாக யோசிக்க வேண்டிய இடம் இது. குளிர்காற்று கீழேதான் அதிகம் என்று பம்பருக்கு அடியில் வாயை வைப்பவர்கள் உண்டு. வன்னியில் அது இரண்டு விதத்தில் தவறு. வெயில் காலத்தில் முன்சில்லு கிளப்பும் புழுதி அங்கேதான் அடர்த்தி. மாரியில் அங்கேதான் தண்ணீர். ஐப்பசி தொடங்கித் தை வரை வீதியை மூடி வெள்ளம் பாயும் இடங்கள் எங்களுக்குத் தெரியும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது பாதை எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் இருந்தது.

தண்ணீர் எவ்வளவு போனால் ஆபத்து என்று ஒரு கணக்குப் போடலாம். 1500 சிசி, நாலு சிலிண்டர் என்றால் ஒரு சிலிண்டருக்கு 375 சிசி. அமுக்க விகிதம் பத்துக்கு ஒன்று என்றால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் ஏறக்குறைய 42 சிசி. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர் ஒரு சிலிண்டருக்குள் போனாலே பிஸ்டனைத் தாங்கும் கொனெக்டிங் ரொட் வளையும், சிலவேளை எஞ்சின் புளொக்கே உடையும்.

அதனால் வாய் ஹெட்லைட்டின் நடுமட்டத்துக்குக் கீழே வரக்கூடாது. ரேடியேற்றரின் மேல் விளிம்புக்கும் பொனட் பூட்டுக்கும் இடையில், கிறிலின் மேற்பகுதிக்குப் பின்னால் கிடைக்கும் இடம் நல்லது. ஹெட்லைட்டுக்கும் ரேடியேற்றருக்கும் இடையிலுள்ள சந்தும் நல்லது. ரேடியேற்றர் முகத்தை மறைக்க வேண்டாம். அதற்குப் போக வேண்டிய காற்றைத் திருடினால் வேறு தலைவலி வரும். வாய் நேரே முன்னால் பார்க்காமல் சற்றுப் பக்கவாட்டாகவோ கீழ்நோக்கியோ திரும்பியிருந்தால் மழையும் பூச்சியும் குறைவாகப் போகும். காரின் வேகத்தால் காற்றுத் தானே உள்ளே தள்ளப்படும் என்று நினைத்து வாயை முன்னால் நீட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஏ9 வீதியின் 70 கிலோமீற்றர் வேகத்தில் அந்தத் தள்ளலால் ஒன்றும் ஆகாது.

பழைய மெசி பெர்குசன் உழவு இயந்திரத்தின் எயார் கிளீனரைப் பாருங்கள். வாய் பொனட் உயரத்தில் இருக்கும், உள்ளே எண்ணெய்த் தொட்டி இருக்கும். சேற்றுக்குள் நாள் முழுக்க நிற்கும் எஞ்சினுக்கு எது முக்கியம் என்று அதைச் செய்தவருக்குத் தெரிந்திருந்தது.

குழாய்

1500 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றில், முழு மிதியில், செக்கனுக்கு ஏறக்குறைய 64 லீற்றர் காற்றை இழுக்கும். 50 மில்லிமீற்றர் எஸ்லோன் (பிவிசி) குழாயில் அந்தக் காற்று செக்கனுக்கு 38 மீற்றர் வேகத்தில் ஓட வேண்டியிருக்கும், அது நெரிசல். 63 மில்லிமீற்றர் குழாயில் 24 மீற்றர், 75 மில்லிமீற்றர் குழாயில் 17 மீற்றருக்குள். ஆகவே 1000 சிசி வரை 63, அதற்கு மேல் 2000 சிசி வரை 75 போதும். 110 மில்லிமீற்றர் போட்டால் பவர் கூடாது, இடம்தான் போகும்.

எஸ்லோன் குழாய் 80 பாகை அளவில் இளகத் தொடங்கும். எக்சோஸ்ட் மனிபோல்ட்டும் அதிலிருந்து கீழே போகும் குழாயும் அதைவிடப் பலமடங்கு சூடானவை. அவற்றிலிருந்து ஒரு சாணாவது தள்ளிப் போக முடியாவிட்டால் எஸ்லோனை விட்டு அலுமினியக் குழாய்க்குப் போங்கள், அல்லது பழைய காரொன்றிலிருந்து கழற்றிய பிளாஸ்டிக் இன்டேக் குழாயைப் பாருங்கள். சமையலறைப் புகைபோக்கிக்கு விற்கும் மடிப்பு அலுமினியக் குழாய் வளைக்கச் சுகமாக இருக்கும், ஆனால் கிரவல் ரோட்டு அதிர்வில் சீக்கிரம் கிழியும். தற்காலிகத்துக்கு மட்டும் அது.

வேண்டிய சாமான்கள்: குழாய் ஒரு மீற்றர், 45 பாகை பெண்ட் இரண்டு மூன்று, பழைய ரேடியேற்றர் ஹோஸ் அல்லது மோட்டர் டியூப் துண்டு, ஹோஸ் கிளிப், மெல்லிய அலுமினியத் தகடு, பொப் ரிவெட், கேபிள் டை, 5 மில்லிமீற்றர் கண்ணுள்ள கம்பி வலை. 90 பாகை எல்போ வாங்க வேண்டாம். திருப்பம் வேண்டிய இடத்தில் இரண்டு 45 பெண்டைச் சேர்த்தால் காற்று சுகமாகத் திரும்பும். குழாயை நெருப்பில் காட்டி வளைக்கும் பழக்கம் எங்களிடம் உண்டு. கருகினால் வருவது நச்சுப்புகை. செய்தே ஆகவேண்டும் என்றால் வெளியில், காற்றுப்பக்கம் நின்று, குழாய்க்குள் மணல் நிரப்பிச் செய்யுங்கள்.

செய்யும் முறை

எஞ்சின் முழுதாக ஆறட்டும். பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். மின்விசிறி உள்ள கார்களில் சாவி இல்லாமலே விசிறி சுழன்ற கதைகள் உண்டு, கை உள்ளே இருக்கும்போது அது வேண்டாம்.

முதலில் கடதாசி மட்டையைச் சுருட்டி, டேப் ஒட்டி, மாதிரிக் குழாயொன்றைப் பெட்டி வாயிலிருந்து கிறில் வரை வைத்துப் பாருங்கள். பொனட்டை மெதுவாக மூடி, எங்காவது நசிகிறதா என்று பார்த்துத் திறவுங்கள். எஞ்சின் தன் மவுண்டில் முன்பின் ஆடும் என்பதை மறக்கக்கூடாது. பெல்ட், விசிறி, அக்சிலேட்டர் கேபிள் ஆகியவற்றிலிருந்து மூன்று விரலளவு இடம் விடுங்கள். மாதிரி சரியென்றால் அதை அளவாக வைத்துக் குழாயை ஹெக்சோ வாளால் வெட்டுங்கள். வெட்டிய விளிம்பை அரம் போட்டு, உள்ளே நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். பிளாஸ்டிக் தூள் பில்டரில் போய்ப் படிய வேண்டியதில்லை.

பெட்டியின் வாய் அநேகமாக நீள்வட்டமாகவோ சதுரமாகவோ இருக்கும். குழாயோ வட்டம். இந்த இரண்டையும் பொருத்துவதுதான் முழு வேலையிலும் கை அதிகம் பிடிக்கும் பகுதி. அலுமினியத் தகட்டை ஒரு பக்கம் பெட்டி வாயின் வடிவத்துக்கும் மறுபக்கம் குழாயின் வட்டத்துக்கும் வெட்டிச் சுருட்டி ரிவெட் அடியுங்கள். பெட்டியில் துளை போடக்கூடாது. தகட்டைப் பெட்டி மூக்கின் மேலாகப் போட்டு, இடையில் டியூப் றபர் சுற்றி, கிளிப்பால் இறுக்குங்கள். ரிவெட் நுனிகள் வெளிப்பக்கம் பார்க்கட்டும். தளர்ந்து விழும் ஆணித்துண்டு பெட்டிக்குள் போகக்கூடாது.

குழாயைக் காரின் உடலோடு கட்டும்போது ஒரு நுனியாவது றபரில் நிற்க வேண்டும். பெட்டி எஞ்சினோடு சேர்ந்து ஆடும் கார்களில் இரண்டு நுனியையும் விறைப்பாகக் கட்டினால் பெட்டியில் வெடிப்பு விழும். பாதையில் ஆகத் தாழ்ந்த இடத்தில் 6 மில்லிமீற்றர் துளை ஒன்று போடுங்கள், உள்ளே வரும் மழைத்துளி அதால் வெளியேறும். வாயில் கம்பி வலையைக் கட்டுங்கள். நுளம்பு வலை போன்ற நுண்ணிய வலை வேண்டாம். அறுவடைக் காலத்தில் ரோட்டோரம் நெல் காயப்போட்டிருக்கும்போது பதர் பறந்து வந்து அதை ஒரே பயணத்தில் அடைத்துவிடும்.

பிறகு சூட்டுத் தடுப்பு. எக்சோஸ்ட் பக்கம் பார்க்கும் பெட்டிச் சுவருக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஒரு அலுமினியத் தகட்டை, பெட்டியைத் தொடாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். இடையில் காற்று ஓடினால்தான் தகடு வேலை செய்யும். பல கார்களில் குழாயைவிட இந்தத் தகடுதான் அதிக பலன் தரும் என்பது என் அபிப்பிராயம். சோம்பலாக இருந்தால் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

தொடக்கூடாத பக்கம்

பெட்டியிலிருந்து த்ரொட்டில் பொடி (த்ரொட்டில் தகடு இருக்கும் பகுதி) வரை உள்ள குழாயில் எதையும் மாற்ற வேண்டாம் என்பதற்குப் புழுதி மட்டும் காரணமல்ல. 1என்இசட் எஞ்சின் வைத்த டொயோட்டாக்களிலும், நிசான் சனியின் கியூஜி எஞ்சினிலும் காற்றை அளக்கும் சூட்டுக்கம்பிச் சென்சர் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. அது தன்னைக் கடக்கும் காற்றின் ஓட்டத்தைக் குறிப்பிட்ட அளவுக் குழாய்க்குள் வைத்துத்தான் கணக்கிடுகிறது. அந்த இடத்தில் 60 மில்லிமீற்றர் குழாயை 70 ஆக்கினால் பரப்பு 36 சதவீதம் கூடிவிடும், சென்சர் கால்வாசிக்கும் மேல் குறைவாகக் காட்டும், பெற்றோல் போதாமல் எஞ்சின் இருமும். எண்ணெய் தடவிய துணிப் பில்டர் போட்டால் அந்த எண்ணெய் கம்பியில் படிவது இன்னொரு தொல்லை. கொரொல்லாவின் 5ஏ எஞ்சின் போன்றவை காற்றழுத்தச் சென்சரில் ஓடுகின்றன. அவற்றுக்கு இந்தக் கணக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் வெப்பநிலைச் சென்சரும், எஞ்சினின் மூச்சுக்குழாயும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். டேர்போ டீசல் வான்களில் டேர்போவுக்குப் பிறகு வரும் எந்தக் குழாயிலும் கைவைக்க வேண்டாம்.

பெட்டி திறந்திருக்கும்போதே பில்டரின் றபர் விளிம்பு சுற்றிவரச் சரியாக உட்காருகிறதா என்று பாருங்கள். பெட்டியின் கிளிப் ஒன்று உடைந்து கம்பியால் கட்டியிருக்கும் கார்கள் இங்கே ஏராளம். ஒரு சோதனை உண்டு. பில்டருக்குப் பின்புறம் உள்ள பெட்டிச் சுவரில் விரலால் மெல்லியதாகக் கிறீஸ் பூசி, கிரவல் ரோட்டில் ஒரு வாரம் ஓடிவிட்டுத் திறந்து பாருங்கள். கிறீஸ் சுத்தமாக இருந்தால் நல்லது. செம்மண் ஒட்டியிருந்தால் பில்டரோ விளிம்போ புழுதியை விடுகிறது. கிறீஸைக் கொஞ்சமாகப் பூசுங்கள், சென்சருக்குக் கிட்டே வேண்டாம்.

கராஜில் பில்டரைக் கொம்பிரசரால் ஊதித் தருவார்கள். ஊதுவதானால் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, துப்பாக்கியைத் தள்ளிப் பிடித்து, மெதுவாக ஊதச் சொல்லுங்கள். ஊதிய பிறகு வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் அந்தப் பில்டர் முடிந்தது. கடதாசிப் பில்டரைக் கழுவக் கூடாது. கிரவலில் நாளாந்தம் ஓடும் கார் என்றால் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீற்றரில் பாதியிலேயே மாற்றிவிடுங்கள்.

ஓடிப் பார்த்தல்

பற்றரி வயரைப் பூட்டி ஸ்டார்ட் பண்ணுங்கள். முதல் சில நிமிடம் ஐட்லிங் கொஞ்சம் ஏறி இறங்கலாம், கணினி பழையதை மறந்திருக்கும். எஞ்சின் லைட் எரிந்தால் அநேகமாகக் கழற்றிய சென்சர் சொக்கெட் எதையோ பூட்டவில்லை. சாதாரணத்தைவிட உறுமல் சற்றுக் கூடுதலாகக் கேட்கும். அதைப் பவர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்னே அளந்த அதே இரண்டு முறையிலும், அதே நேர வெயிலில், வெப்பநிலையை மீண்டும் அளந்து குறிப்போடு ஒப்பிடுங்கள். 60 கிலோமீற்றர் ஓட்டத்தில் பத்துப் பாகை இறங்கியிருந்தால் நல்ல வேலை. ஒன்றும் இறங்கவில்லை என்றால் வாய்க்குப் பின்னால் எங்கோ சூடான காற்றுப் புகுகிறது, அநேகமாகத் தகட்டு மூட்டில்.

கிரவலில் ஒரு நாள் ஓடிய பிறகு எல்லாக் கிளிப்பையும் திரும்ப இறுக்குங்கள். புகைப் பரிசோதனைக்குப் போகும் முன் பில்டர் புதிதாக இருப்பது நல்லது, அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. கழற்றிய கம்பெனித் துண்டுகளை எறியாமல் ஒரு பையில் கட்டி வையுங்கள்.

மாரி தொடங்கும்போது வாயைக் கழற்றி, கம்பெனி உயரத்துக்கோ அதற்கு மேலோ திருப்பிவிடுங்கள். அதற்காகத்தான் எதையும் பசை போட்டு ஒட்டாமல் கிளிப்பில் விட்டது. வெள்ளம் ஓடும் பாதையில் எஞ்சின் நின்றுவிட்டால் திரும்பவும் சாவியைத் திருக வேண்டாம். தள்ளிக் கரைசேர்த்து, பில்டர் பெட்டியைத் திறந்து கடதாசி நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். நனைந்திருந்தால் ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றாமல் ஸ்டார்ட்டரைத் தொடக்கூடாது.